சுமை இழுக்கும் இயந்திரத்தைத் தந்த ருடோல்ப் டீசல்



பரிசளிப்பு விழா மலர் என்றால் தலைவர், புலவர், துறவி என்று ஒரு பெரியவரின் வரலாறு இருக்கும். இம்முறை ஓர் இயந்திரக்காரரின் வரலாற்றை எழுதுகிறேன். காரணம் உண்டு.

பெற்றோர் சந்திப்பு நாளன்று நம் மாணவி ஒருத்தியின் தந்தை என்னிடம் வந்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது கிள்ளான் பக்கம் பழுதான வாகனங்களைக் கட்டி இழுக்கும் பழைய டீசல் லோரி ஒன்று வைத்திருக்கிறார். சுமையோடு மேடு ஏறினால் லோரி மூச்சு வாங்குகிறதாம். பட்டறைக்காரர் பெரியதும் சிறியதுமாக இரண்டு டர்போ காட்டியிருக்கிறார். எதைப் போடலாம் என்று கேட்டார். கையில் இருந்ததோ மகள் இடைநிலைப் பள்ளிக்குப் போவதற்கென்று சேர்த்த பணம்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என் மாமா ஒருவர் பெரிய டர்போ மாட்டிக் காராக் மேட்டில் ஹெட் கேஸ்கெட் போய், இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தது மட்டும் ஞாபகம் வந்தது. பிறகு புத்தகங்களைப் புரட்டினேன். டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றுதானே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம்? அது ஒரு மனிதரின் பெயர். அவருடைய வாழ்க்கையிலேயே அந்தத் தந்தையின் கேள்விக்குப் பதில் இருக்கக் கண்டேன்.

இளமைப் பருவம்

ருடோல்ப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தந்தை தோல் சாமான் செய்யும் தொழிலாளி. சிறுவன் ருடோல்ப், செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பான். ஓய்வு கிடைத்தால் பாரிஸ் கைத்தொழில் அரும்பொருளகத்தில் பழைய நீராவி வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

1870-இல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. ஜெர்மன்காரர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கும் வறுமை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் கணித ஆசிரியராக இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்து போன அந்தப் பையன் அங்கே பள்ளியில் முதல் மாணவனாகத் தேறினான். பொறியியலாளர் ஆவதென்று பதினான்கு வயதிலேயே முடிவு செய்தான்.

மாணவர்களே, இங்கே நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்று. மலாய்த் தீவுகளின் மக்கள் முற்காலத்தில் தீப்பெட்டி இல்லாமலே தீ மூட்டினார்கள். ஒரு பக்கம் அடைத்த சிறு குழாயின் உள்ளே பஞ்சு போன்ற பொருளை வைத்து, தண்டைச் சடாரென்று அடித்து இறக்குவார்கள். உள்ளே நெருங்கிய காற்று சூடாகிப் பஞ்சு பற்றிக்கொள்ளும். இதே தத்துவத்தில் அமைந்த குழாய் ஒன்று டீசல் படித்த ஆக்ஸ்பர்க் பள்ளியிலும் இருந்ததாக அவரைப் பற்றிய வரலாறுகள் கூறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுகிறதல்லவா, அதுவேதான்!

மூன்றரை ஆண்டுப் போராட்டம்

மூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்கு ஆசானாக அமைந்தவர் பேராசிரியர் லிண்டே. நீராவி இயந்திரம் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட வேலையாக மாறுவதில்லை என்று அவர் வகுப்பில் விளக்கினார். மீதித் தொண்ணூறும் வீண். அன்று முதல் டீசலின் மனத்தில் அந்த வீண் செலவே முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. 1880-இல் மிகச் சிறந்த தேர்ச்சி பெற்று வெளியேறியவர், லிண்டேயின் பனிக்கட்டித் தொழிலில் வேலை பார்த்துக்கொண்டே பல ஆண்டுகள் கணக்குப் போட்டார்.

காற்றை மட்டும் மிகுதியாக அழுத்தினால் அது கொதிக்கும், அந்த நேரம் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றும், தீப்பொறி வேண்டியதில்லை. இதுதான் அவருடைய எண்ணம். 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை உதவ முன்வந்தது. 1893 ஆகஸ்ட் 10-ஆம் நாள் முதல் சோதனை. என்ன ஆயிற்று தெரியுமா? அழுத்தம் காட்டும் கருவி வெடித்துத் துண்டுகள் பறந்தன! ஆனால் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றும் என்பது நிச்சயமாயிற்று. 1894 பிப்ரவரி 17-இல் இயந்திரம் தன் சொந்தச் சக்தியில் ஒரே ஒரு நிமிடம் ஓடியது. ஒரு நிமிடம்தான். அதற்கே அவ்வளவு பாடு.

இனி நம் லோரிக்காரர் கவனிக்க வேண்டிய இடம். 1897-ஆம் ஆண்டுச் சோதனைக்கு முன்பு டீசல் இன்னொன்றும் செய்து பார்த்தார். முன்கூட்டியே அழுத்திய காற்றைச் சிலிண்டருக்குள் கூடுதலாகத் திணித்தார். சக்தி கூடியது. ஆனால் எண்ணெய்க் கணக்கு மோசமாயிற்று. காற்றைத் திணிக்கும் பம்பே இயந்திரத்தின் உழைப்பைத் தின்றுவிட்டது. வேறொருவராக இருந்தால் கூடிய சக்தியை மட்டும் சொல்லி விற்றிருப்பார். டீசல் அளந்து பார்த்தார், கணக்கு ஒத்துவரவில்லை, கழற்றி வைத்தார். கழற்றிய பின் 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்தபோது எண்ணெயின் வெப்பத்தில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியது. உலகம் வியந்தது.

அளக்காமல் பட்ட பாடு

பணம் குவிந்தது. அமெரிக்க உரிமை மட்டுமே பத்து லட்சம் மார்க்குக்குப் போயிற்று. மூனிக்கில் மாளிகை எழுந்தது. ஆனால் சோதனைக்கூடத்தில் அளந்து பார்த்த மனிதர் வெளியே வந்ததும் அவசரப்பட்டார். 1898-இல் ஆக்ஸ்பர்க்கில் தொடங்கிய டீசல் இயந்திரத் தொழிற்சாலை, முழுதும் பக்குவப்படாத இயந்திரங்களை விற்றது. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். தொழிற்சாலை நொடித்தது. கவலையில் அவர் உடல்நலமும் கெட்டது. நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் போட்ட பணம் கரைந்தது.

ஆனால் இயந்திரம் தோற்கவில்லை. 1900 பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. செடி கொடிகளின் எண்ணெய் ஒரு நாள் இயந்திரங்களை ஓட்டும் என்று பின்னாளில் டீசலே எழுதினார். நம் சிலாங்கூரில், கோலாசிலாங்கூர் மாவட்டத்துத் தெனமாரான் தோட்டத்தில், வாணிப முறையில் முதல் செம்பனை நடப்பட்டது 1917-இல். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலக்கத் தொடங்கியது 2011-இல். குலை அறுக்கும் பெரியோர்களே, அவர் கண்ட கனவில் உங்கள் வியர்வையும் கலந்திருக்கிறது.

1912-இல் டீசல் இயந்திரம் பூட்டிய செலாண்டியா என்ற கப்பல் டென்மார்க்கிலிருந்து பாங்காக் வரை வந்தது. லோரிக்கும் தம் இயந்திரத்தைப் பொருத்த அவர் முயன்றார். கனமான காற்றுப் பம்பு தடையாக நின்றது. 1913 செப்டம்பர் 29-ஆம் நாள் இரவு, இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் கப்பலில் உணவருந்திவிட்டு அறைக்குப் போனவரை மறுநாள் காணவில்லை. சில நாள் கழித்துக் கடலில் உடல் கிடைத்தது. நடந்தது என்ன என்பது இன்றும் புதிர். அப்போது வயது 55. கடன் மட்டும் மலையாக இருந்தது. முதல் டீசல் லோரி ஓடியதை, 1923-இல், பார்க்க அவர் இல்லை.

அவர் விட்ட இடத்தில் டர்போ

டீசல் கழற்றி வைத்த காரியத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். ஸ்விட்சர்லாந்தின் ஆல்பிரட் பூஹி. 1905-இல் அவர் காப்புரிமை பெற்ற வழி எளிது. காற்றைத் திணிக்க இயந்திரத்தின் உழைப்பை ஏன் எடுக்க வேண்டும்? புகைக்குழாயில் வீணாகப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றட்டும். அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை உள்ளே தள்ளட்டும். இதுதான் டர்போ. சொன்னது எளிது, செய்ய இருபது ஆண்டு பிடித்தது. 1925-இல் அவர் முறைப்படி 1,750 குதிரைச் சக்தி இயந்திரம் 2,500 குதிரைச் சக்தி தந்தது. 1938-இல் ஸ்விட்சர்லாந்தின் சௌரர் நிறுவனம் லோரிக்கு டர்போ இயந்திரம் செய்தது.

ஆகவே, அந்தத் தந்தைக்கு நான் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். சக்தியைத் தருவது டர்போ அல்ல, எண்ணெய். அந்த எண்ணெய் எரியக் காற்றைத் தருவதே டர்போ. காற்றுக்கு மிஞ்சி எண்ணெய் விட்டால் கறும்புகைதான் வரும். பிஸ்டன் சுட்டுப் போகும்.

பெரிய டர்போ சுழன்று வேகம் பிடிக்க நேரமாகும். இயந்திரம் வேகமாகச் சுற்றும்போதுதான் அது வேலை செய்யும். சுமை இழுக்கும் லோரிக்கோ மெதுவாகச் சுற்றும்போதே இழுவை வேண்டும். அதற்கு இயந்திரத்துக்கு ஏற்ற அளவான டர்போவே நல்லது. அழுத்திய காற்று சுடும் என்று மேலே பார்த்தோமே, அதனால் அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். புகையின் சூட்டையும் காற்றின் அழுத்தத்தையும் காட்டும் இரண்டு மீட்டர் கட்டாயம் வேண்டும். டர்போ இல்லாமல் பிறந்த இயந்திரத்தில் அழுத்தத்தைக் குறைவாகவே வைக்க வேண்டும். மேடு ஏறி வந்ததும் உடனே அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். எண்ணெய் ஓட்டம் நின்றால் சூடான தண்டு கெட்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்பு ரேடியேட்டர், கிளட்ச், பிரேக் மூன்றையும் சோதியுங்கள். இயந்திரத்தில் மாற்றம் செய்யுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டு அனுமதி பெறுங்கள். டர்போ போட்டதால் லோரிக்கு அனுமதித்த எடை கூடிவிடாது. மேடு ஏற டர்போ உதவும். இறக்கத்தில் பிரேக்தான் உதவும்.

அந்தத் தந்தை முதலில் ரேடியேட்டரையும் பிரேக்கையும் சரி செய்தார். பிறகு சிறிய டர்போவையே, மீட்டர்களோடு, முறைப்படி பொருத்தினார். மிச்சம் பிடித்த பணத்தில் மகளுக்குப் பள்ளிச் சீருடையும் புத்தகப் பையும் வந்தன. அந்தப் பிள்ளை இந்த ஆண்டு அறிவியல் பாடத்துக்குப் பரிசு வாங்குகிறாள்.

மாணவ மணிகளே! டீசல் அளந்து பார்த்தபோது உலகத்தை வென்றார். அளக்காமல் அவசரப்பட்டபோது குவித்த பணத்தை இழந்தார். தோள் தாங்கும் சுமை எவ்வளவு என்று பார்த்து ஏற்றுங்கள். அது லோரிக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.