திவான் இழுத்த கம்பி

ஏ.சி.யா டி.சி.யா என்று பேச்சு வந்தாலே எடிசன், டெஸ்லா என்று ஆரம்பித்து விடுகிறோம். நம்ம பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார். இந்த மலருக்கு அவரைப் பற்றி எழுதுகிறேன்.

சர் கே. சேஷாத்ரி ஐயர் 1845-ல் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரிப் பட்டதாரி, பிறகு சட்டமும் படித்தார். 1883-லிருந்து 1901 வரை மைசூர் திவான். இன்ஜினீயர் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கோலார் தங்கச் சுரங்கத்தில் எந்திரம் ஓட்ட நிலக்கரி வெகுதூரத்திலிருந்து வரவேண்டும். செலவோ கொஞ்ச நஞ்சமில்லை. இங்கே சிவசமுத்திரத்தில் காவிரி சும்மா விழுந்துகொண்டிருந்தது. நடுவில் 147 கிலோமீட்டர்!

கல்கத்தாவுக்கு 1899-ல் வந்தது டி.சி. ஊருக்குள் கொடுக்க அது போதும். ஆனால் டி.சி.யின் வோல்டேஜை ஏற்றி இறக்க அன்றைக்கு லேசான வழி இல்லை. குறைந்த வோல்டேஜில் அனுப்பினால் கரண்ட் கூடும், பாதி மின்சாரத்தைக் கம்பியே தின்றுவிடும். இழப்பு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜைப் பத்து மடங்கு ஏற்றினால் அதே கம்பியில் இழப்பு நூறில் ஒரு பங்குதான். ஏ.சி.க்கு டிரான்ஸ்பார்மர் உண்டு. நான் தொழில் பார்க்கிற இலுப்பூரில், தெருக் கம்பத்தில் 11,000 வோல்ட்டை 433-ஆக இறக்குகிறதே, அதே சங்கதி.

ஏ.சி. திட்டத்தைக் கொண்டுவந்தவர் ஜோலி டி லோட்பினியேர் என்ற கனடா நாட்டு இராணுவப் பொறியாளர். திவான் அவரை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பி, பார்த்து வரச் சொன்னார். நயாகராவிலிருந்து பஃபலோவுக்கு 1896-லேயே ஏ.சி. போயிருந்தது. ஆனால் அந்தத் தூரம் இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தோற்றால் போவது சமஸ்தானத்துப் பணம், கெடுவது திவானின் பெயர். அவர் துணிந்துவிட்டார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. மின்சாரத்தை வாங்கிக்கொள்ள சுரங்கக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் ஆயிற்று. எனக்கு இதுதான் பெரிய கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. வாங்குகிறவன் இல்லாமல் மின் நிலையம் கட்டினால் யார் பணம் கொடுப்பது?

1901-ல் உடல்நலம் கெட்டுப் பதவி விலகினார். செப்டம்பர் 13-ல் காலமானார். 1902 ஜூன் 30-ல், 30,000 வோல்ட்டுக்குக் குறையாமல் மின்சாரம் கோலாருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பெங்களூர் நகரத்துக்கு விளக்கு வந்ததோ 1905-ல்தான்.

ஒரு விஷயம் தம்பிகளுக்கு. டி.சி. செத்துப்போகவில்லை. இப்போது அதையும் உயர் வோல்டேஜில் அனுப்ப முடிகிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் டி.சி. லைன் வருகிறது, 1,700 கிலோமீட்டருக்கும் மேல். புகளூரிலிருந்து திருச்சூருக்கு இன்னொரு டி.சி. லைன் 2021-ல் வேலைக்கு வந்தது. அது போவது திவான் பிறந்த பாலக்காட்டுச் சீமை வழியாக.