எழுபத்தெட்டு வயதில் எடுத்த உண்டியல்

புனேயில் பயிலும் நம்முள் கார்வே சாலையில் போகாதவர் யார்? அந்தக் கார்வே யார் என்று கேட்டால், விதவைகளுக்கு இல்லமும் பெண்களுக்குப் பல்கலைக்கழகமும் கண்டவர் என்று விடை வரும். உண்மைதான். ஆனால் அவ்விரண்டும் அவர் அறுபது வயதுக்கு முன்னரே செய்தவை. முதுமையில் அவர் செய்த தொண்டையே ஈண்டு எழுத விரும்புகிறேன்.

தோண்டோ கேசவ கார்வே 1858 ஏப்ரல் 18ஆம் நாள் கொங்கணத்தில் பிறந்தார். முருட் என்ற சிற்றூரில் வளர்ந்தார். பள்ளித் தேர்வு ஒன்றை எழுத நூறு மைலுக்கு மேல் நடந்து சதாரா சேர்ந்தார். ஆள் சிறியவனாகத் தெரிகிறான் என்று தேர்வாளர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டனர்! பின்னர் 1891 முதல் 1914 வரை பெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். மனைவியை இழந்த அவர், 1893இல் கோதுபாய் என்னும் விதவையை மணந்தார். ஊரார் பொறுப்பாரா? அவரை ஊர்விலக்குச் செய்தனர். வீட்டில் சேர்த்தால் குடும்பத்தாருக்கும் அதே கதி என்றனர். 1896இல் விதவையர் இல்லம் தொடங்கினார். அது ஹிங்கணேக்கு மாறியபின், அங்கிருந்து கல்லூரிக்கு நடந்தே வந்து பாடம் நடத்தி, நடந்தே திரும்புவார். பெண்கள் பல்கலைக்கழகம் 1916இல் பிறந்தது. அதற்காக எழுபது வயதைக் கடந்தபின் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், ஆப்பிரிக்கா என்று சுற்றி நிதி திரட்டி, 1932இல் திரும்பினார்.

இனிமேலாவது சாய்வு நாற்காலியில் அமர்ந்தாரா? இல்லை. 1936இல், எழுபத்தெட்டு வயதில், பள்ளிக்கூடமே இல்லாத சிற்றூர்களில் தொடக்கப் பள்ளி திறக்க ஒரு சங்கம் கண்டார். புனேத் தெருக்களில் வீடு வீடாக நடந்து சிறுகாசு சேர்த்தார். கொடுத்தவர்களில் எத்தனை பேர் அவரை அறிந்திருப்பார்களோ! சதாராவுக்கு நடந்த சிறுவனை அம்முதியவர் மறக்கவில்லை என்றே நான் எண்ணுகிறேன். அதோடும் நிற்கவில்லை. எண்பத்தாறாம் வயதில், 1944இல், சாதி வேற்றுமையை எதிர்த்துச் சமதா சங்கம் தொடங்கினார்.

பெரும் விருதுகள் வந்தது மிகப் பின்னரே. பத்ம விபூஷண் 1955இல். பாரத ரத்னா 1958இல், நூறு வயதில். அவ்வாண்டே, அவர் உயிரோடு இருக்கையிலேயே, அவர் உருவம் தபால்தலையில் ஏறியது. 1962 நவம்பர் 9ஆம் நாள் 104ஆம் வயதில் மறைந்தார். இல்லத்தையும் பல்கலைக்கழகத்தையும் புகழ்ந்தோர் பலர். கிராமப் பள்ளிகளுக்குக் கையேந்திய கிழவரை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது குறையாகவே படுகிறது.

நம் சங்க விழாக்களில் பொன்னாடை யார் தோளில் ஏறுகிறது? உங்களுக்கே தெரியும்! நம் விடுதிக்கு அருகே, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கட்டடத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மாலைதோறும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். சம்பளமில்லை. கரும்பலகைகூட அவரே வாங்கியதுதான். இவ்வாண்டு விழாவில் முதல் பொன்னாடையை அவருக்கே அளிக்குமாறு செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உடன்படுவோர் அடுத்த கூட்டத்திற்குத் தவறாமல் வாருங்கள்.