வத்தலக்குண்டு இராஜமையர்

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலின் மலைவிளிம்பில் நின்று, மூடுபனி விலகும் வேளையில் கீழே நோக்கினால், பெரியகுளத்துப் பக்கத்துச் சமவெளி கண்ணுக்கெட்டியவரை பரந்து தோன்றும். முன்னாளில் மலைவாழ் மக்கள் வெள்ளகவி வழியாக அச்சமவெளிக்குக் கால்நடையாகவே இறங்கினர். இப்பழனி மலைத்தொடரின் கீழ்த்திசை அடிவாரத்தில் உள்ள ஊர் வத்தலக்குண்டு. மலைக்குச் செல்வோர் பலர் அவ்வூரில் சிறிது இளைப்பாறி மேலே ஏறுகின்றனர். அங்குப் பிறந்து இருபத்தாறு ஆண்டுகளே வாழ்ந்த ஓர் எழுத்தாளரை நினைப்பவர் அவருள் மிகச் சிலரே.

இராஜமையர் 1872ஆம் ஆண்டு பிறந்தார். மதுரையிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார், அதன்பின் சட்டமும் படித்தார். வழக்கறிஞர் தொழிலில் பொருளும் புகழும் குவிந்த காலம் அது. ஆயினும் அவருடைய உள்ளம் சட்ட நூல்களில் தங்கவில்லை. கம்பனிடத்தும் தாயுமானவரிடத்துமே அது சென்று சென்று நின்றது.

அந்நாளில் சி. வி. சுவாமிநாதையர் 'விவேக சிந்தாமணி' என்னும் மாத இதழை நடத்திவந்தார். அதில் 1893ஆம் ஆண்டு முதல் 1895ஆம் ஆண்டு வரை இராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடர்ந்து வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது ஆசிரியருக்கு வயது இருபத்தொன்று! மாதந்தோறும் ஒரு பகுதியை எழுதியனுப்பியாக வேண்டும். ஓய்வு வரட்டும், உள்ளம் கனியட்டும் என்று காத்திருப்பவர்க்கு இஃது இயலாது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலை எழுதினார். இராஜமையரோ மாதக் கெடுவையே தமக்கு நல்ல துணையாக ஆக்கிக்கொண்டார்.

எழுதுபொருளை அவர் எங்கே தேடினார்? அரசவையையும் அந்தப்புரத்தையும் நாடவில்லை. தாம் பிறந்து வளர்ந்த மதுரைச் சீமையின் நாட்டுப்புறத்தையே நாடினார். கதை நிகழும் சிறுகுளம் அத்தகையதோர் ஊர். அங்கே பெண்கள் கூடிப் பிறர் குடும்பச் செய்திகளைப் பேசுகின்றனர். அக்கூட்டத்திற்கு வம்பர் மகாசபை என்று பெயரிட்டு நகையாடுகிறார் ஆசிரியர். சல்லிக்கட்டுக் காளை சீறிப் பாய்கிறது. முத்துசுவாமி ஐயர், கமலாம்பாள் ஆகியோரின் இல்லறம் ஓர் அவதூற்றால் நிலைகுலைகிறது. நாள்தோறும் கண்ட முகங்களும் கேட்ட பேச்சுமே அந்நூலின் செல்வம்.

அதில் அம்மையப்ப பிள்ளை என்றொரு தமிழ்ப் பண்டிதர் வருகிறார். யமகமும் திரிபும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்; உலக நடையோ சிறிதும் தெரியாது. மாணவர்கள் அவரைப் படித்து வாய்விட்டுச் சிரிப்பார்கள். நாற்பதாண்டுகளுக்கு மேல் யமகம் கற்பித்த நானும் சிரித்தேன்; பிறகு சிறிது நாணமும் கொண்டேன். ஆயினும் அவர்பால் ஆசிரியர்க்கு வெறுப்பில்லை என்பது ஊன்றிப் படிப்பார்க்கு விளங்கும்.

1896ஆம் ஆண்டு கதை நூல்வடிவம் பெற்றது. அவ்வாண்டு சூலையில், விவேகானந்தரின் அன்பர்கள் 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில மாத இதழைச் சென்னையில் தொடங்கி, இருபத்து நான்கு வயதினரான இராஜமையரையே ஆசிரியராக அமர்த்தினர். பக்கங்களை நிரப்ப வேண்டிய சுமை பெரும்பாலும் அவர் தலைமேலேயே விழுந்தது. ஒரே கை பல புனைபெயர்களில் எழுதிற்று; வேதாந்தக் கட்டுரைகளோடு ஆங்கிலத்தில் தொடர்கதை ஒன்றும் வளர்ந்தது. தமிழில் இன்னொரு நாவலை அவர் எழுதாது போனமைக்கு இவ்வுழைப்பும் ஒரு காரணமாகலாம். தமிழுக்கு அது பேரிழப்பே. ஆயினும் தாம் விரும்பி ஏற்ற பணியை அவர் குறைவற ஆற்றினார் என்பதை மறுத்தற்கில்லை.

உடலோ அவ்வுழைப்பைத் தாங்கவில்லை. நோய்வாய்ப்பட்டு, 1898ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் காலமானார். ஆசிரியரை இழந்த இதழும் நின்றது. ஆகஸ்டில் அஃது இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவிலிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது. அவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகள் 1905இல் ஒரு பெருநூலாகத் தொகுக்கப்பெற்றன.

வத்தலக்குண்டில் எழுத்து அவரோடு முடிந்துவிடவில்லை. சிறுகதையாசிரியர் பி. எஸ். ராமையா 1905இல் அவ்வூரிலேயே பிறந்தார். அவ்வூரோடு தொடர்புடைய சி. சு. செல்லப்பாவும் சல்லிக்கட்டையே பொருளாகக்கொண்டு 'வாடிவாசல்' என்னும் கதையைப் படைத்தார்.