செங்கல்லை மிச்சம் பிடித்த மனிதர்

நண்பர்களே, மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன் நான். எஸ்டிமேட் வகுப்பில் ஒரு சுவருக்கு எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்டுன்னு கணக்குப் போடப் படித்தோம். அந்தக் கணக்கில் எதையெல்லாம் மிச்சம் பிடிக்கலாம்னு யோசித்தே வாழ்ந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் லாரி பேக்கர்.

1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்து, அங்கேயே கட்டடக்கலை படித்தார். இரண்டாம் உலகப்போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டு. ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளை வைத்தே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் எண்ணம் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. 1945-ல் தொழுநோயாளிகளுக்கான கட்டடப் பணிக்காக இந்தியா வந்தார். 1948-ல் கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்து, இமயமலை அடுக்கில் பித்தோராகரில் சுமார் பதினாறு வருஷம் வாழ்ந்தார். அங்கே ஊர்க் கொத்தனார்கள் கல்லையும் மண்ணையும் கையாளும் விதமே அவருக்கு இரண்டாவது கல்லூரி ஆனது.

1963-ல் கேரளத்துக்கு வந்தார். பிறகு திருவனந்தபுரமே அவர் ஊராயிற்று. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'ராட் டிராப் பாண்ட்' முறையைப் பரப்பினார். ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல் சுமார் கால்பங்கு மிச்சம். உள்ளே காற்று நிற்பதால் வெயிலும் அவ்வளவாக உறைக்காது. ஸ்லாபின் அடிப்பாகத்து கான்கிரீட் இழுவிசையைத் தாங்காது, கம்பிதான் தாங்கும்னு நாம் படிக்கிறோமே, அந்த இடத்தில் பழைய ஓடுகளை வைத்து 'ஃபில்லர் ஸ்லாப்' போட்டார். சுவரைப் பூசாமல் விட்டார். உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தை இப்படித்தான் கட்டினார். 1985-ல் காஸ்ட்ஃபோர்டு அமைப்பு உருவானபோது அதிலும் முன்நின்றார். 1990-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

இதை நான் எழுதக் காரணம் என் அக்கா வீடு. மார்த்தாண்டம் பக்கம் அத்தான் இதே முறையில் வீடு கட்டினார். கடனுக்கு மதிப்பீடு போட வந்தவர், சுவர் பூசாததால் வேலை முடிந்ததாக எழுத முடியாதுன்னு சொல்லிவிட்டார். கடைசித் தவணை நின்றுபோச்சு. அக்கா செயினை அடகு வைத்துப் பூச்சு வேலையை முடித்தாள். செங்கல்லில் மிச்சம் பிடித்த காசு பூச்சில் போயிற்று.

விதியே வேண்டாம்னு நான் சொல்லல. பார்வையிட ஆளில்லாவிட்டால் கூரை தலைமேல் விழும். பேக்கரும் தினம் சைட்டுக்குப் போய், கொத்தனார்கள் பக்கத்தில் நின்றே வேலை வாங்கினார். அவர் முறையில் கை சுத்தம் ரொம்ப முக்கியம். ஆனால் சோதிக்க வேண்டியது சுவரின் பலத்தை. பூச்சு இருக்கா இல்லையான்னு மட்டும் பார்த்தால், சிக்கனமாகக் கட்டும் ஏழைக்குத்தான் அது அபராதம்.

2007 ஏப்ரல் 1-ல், தொண்ணூறு வயதில் அவர் மறைந்தார். நம் முதலாண்டுத் தம்பி தங்கைகள் பலர் அப்போது பிறக்கவே இல்லை. நாளைக்கு அந்த மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போவது நாம்தான், நண்பர்களே. கொஞ்சம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுவோம்.