பாறையைக் கடித்த பல்

அல்லிநகரத்தில் கிணறு வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். பாறை தட்டினால் பணமும் போச்சு, தூக்கமும் போச்சு! அமெரிக்காவில் எண்ணெய் தேடியவர்களுக்கும் அதே கதிதான்.

அவர்களில் ஒருவர் ஹோவர்ட் ஹியூஸ். 1869-ல் பிறந்தவர். வக்கீல் தொழில் அவருக்குப் பிடிக்கவில்லை. டெக்சாசுக்கு எண்ணெய்க் கிணறு தோண்ட வந்தார். மண்ணைச் சுரண்டும் மீன்வால் போன்ற முனை, கடும்பாறையில் மழுங்கிப் போயிற்று. பணம் போட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

கூட்டாளி ஷார்ப்புடன் சேர்ந்து ஹியூஸ் புதுக் கருவி செய்தார். கூம்பு போன்ற இரண்டு உருளைகள்; அவற்றில் 166 பற்கள். சுழலச் சுழலப் பாறை நொறுங்கும். 1909-ல் கூஸ் கிரீக்கில் சோதித்தார்கள். மற்றக் கருவிகள் தோற்ற பாறையில், 11 மணி நேரத்தில் 14 அடி இறங்கிவிட்டது!

ஆள் கெட்டிக்காரர். கருவியை விற்கவில்லை, வாடகைக்கே விட்டார். பணம் கொட்டியது. 1924-ல் மாரடைப்பால் காலமானார். சொத்தில் பெரும்பங்கு 18 வயது மகனுக்குப் போயிற்று. பின்னாளில் விமானம் ஓட்டி உலகப் புகழ் பெற்ற ஹோவர்ட் ஹியூஸ் அந்த மகன்தான்.