செஞ்சிப் போரும் செருப்பணிந்த சேதிக்காரரும்

செஞ்சி என்றதும் தோழர்களுக்கு நினைவுக்கு வருபவன் தேசிங்குராசன். 1714-ல், 22 வயதில் களத்திலே மாண்ட அந்த இளைஞனின் கதையைக் கூத்திலும் பாட்டிலும் கேட்டு வளர்ந்த நாடு இது. அவன் குதிரை நினைவிருக்கிறது, வாள் நினைவிருக்கிறது. அவன் மாண்டு 36 ஆண்டுகள் கழித்து அதே கோட்டைக்காக வெள்ளையர் நடத்திய போர் ஒன்று உண்டு. அந்தப் போர்க்காலத்தைத் தமிழிலே எழுதி வைத்தாரே ஒருவர், அவரை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

போர்முனை நிருபர் என்றால் இன்று தலைக்கவசமும் மார்புக் கவசமும் கண்முன் நிற்கின்றன. இரண்டாவது உலகப் போரில் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகளோடு சென்ற நிருபர்கள் இராணுவ அதிகாரியின் உடுப்பையே அணிந்தார்கள். நிருபர் என்று காட்டும் சின்னம் உடுப்பிலே இருக்கும். கையிலே துப்பாக்கி கூடாது. தட்டச்சுப் பொறி உண்டு. எழுதியதைத் தணிக்கை அதிகாரி பார்த்த பிறகே அனுப்பலாம். உடுப்பு எதற்கு? பகைவனிடம் சிக்கினால் ஒற்றன் என்று சுட்டுவிடாமல் போர்க் கைதியாக நடத்த வேண்டும் என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உடுப்பைக் கொடுத்தவன் மனம் கோணாமல் எழுத வேண்டிய நெருக்கடியும் அந்த உடுப்போடு ஒட்டிக்கொண்டே வந்தது.

அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே, புதுச்சேரியில் ஒரு பாக்குக் கிடங்கிலே உட்கார்ந்து போர்ச்சேதி சேகரித்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பத்திரிகை இல்லை, நிருபர் என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் உடுப்பு இருந்தது. அதைப்பற்றித்தான் பேச்சு.

1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை, மைத்துனர் நயினியப்ப பிள்ளையின் அழைப்பை ஏற்றுப் புதுச்சேரிக்குக் குடியேறியவர். நயினியப்பர் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். செல்வர், செல்வாக்கு மிக்கவர். அந்தச் செல்வாக்கு என்னவாயிற்று? கவர்னரின் பகை வந்தது, கசையடி விழுந்தது, சொத்து பறிபோயிற்று, 1717-ல் சிறையிலேயே உயிர் போயிற்று. கம்பெனியின் கருணை எவ்வளவு நீளம் என்பதை எட்டு வயதிலேயே கண்டவர் பிள்ளை. கண்டும் அதே கம்பெனியில்தான் சேர்ந்தார். பரங்கிப்பேட்டையில் வேலை பார்த்தார், துணி வாணிகம் செய்தார், சொந்தக் கப்பலும் ஓட்டினார். தலைமைத் துபாஷ் கனகராய முதலியார் 1746-ல் மறைந்த பிறகு, அந்தப் பதவி பிள்ளையிடம் வந்தது. கவர்னர் துப்ளேயின் வாயும் செவியும் அவரே.

1736 செப்டம்பர் 6-ல் எழுதத் தொடங்கினார். கருவிகள் என்ன? கணக்கு எழுதும் பேரேடு, பேனா, மை. அவ்வளவுதான்! வந்த ஓலை எது, யார் கொண்டு வந்தது, கப்பலுக்கு எத்தனை பீரங்கி வேட்டு, எந்தத் துரை எந்த முகத்தோடு பேசினான் என்று பேச்சுத் தமிழிலேயே எழுதினார். புலவர் நடை பார்க்காமல், பாரசீகச் சொல்லும் போர்ச்சுகீசியச் சொல்லும் தெருவிலே வழங்கியபடியே போட்டார். 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுக் குண்டு பொழிந்தபோது நகருக்குள்ளேயே இருந்து எழுதினார். அந்த முற்றுகையின்போதுதான் வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சுக்காரரால் இடிக்கப்பட்டது. கோயிலில் நமக்கு அக்கறை உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. ஊரார் கதறலைக் கவர்னர் மாளிகை மதிக்கவில்லை. துபாஷால் அதைத் தடுக்க முடியவில்லை, எழுதத்தான் முடிந்தது.

இனி செஞ்சிக்கு வருவோம். ஆற்காட்டு நவாபு பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டி. சந்தா சாகிபுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர், முகம்மது அலிக்குப் பின்னால் ஆங்கிலேயர். 1750 செப்டம்பரில் திருவதிகைப் பக்கம் தோற்ற முகம்மது அலியின் படை செஞ்சியிலே ஒதுங்கிற்று. புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி வாயிலை வெடிவைத்துத் தகர்த்து, ஒரே இரவில் இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் பிடித்தான். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையை வெளியே காக்க வைத்த மலைகள் விடிவதற்குள் விழுந்தன! அதே டிசம்பரில், செஞ்சிக்கு அருகே பாளையமிறங்கியிருந்த நாசர் சங்கு தன் கூட்டாளி நவாபின் கையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டான்.

செஞ்சியிலிருந்து புதுச்சேரிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். தந்தியா, தொலைபேசியா? ஓலையையும் கடிதத்தையும் சுமந்து காலால் ஓடிவந்தவர்கள் சேவகர்களும் அரிக்காரர்களும். மழைக்காலம், பெருக்கெடுத்த ஆறு, வழியெங்கும் கொள்ளைப்பட்டாளம். பிடிபட்டால் ஒற்றன் என்றே முடிவு. காப்பாற்ற உடுப்பும் இல்லை, உடன்படிக்கையும் இல்லை. அவர்கள் கால்களால்தான் பிள்ளையின் ஏடு நிரம்பியது.

வெற்றிக்குப் பின் புதுச்சேரியில் தர்பார் நடந்தது. துப்ளே துரையே மொகலாயப் பிரபுவின் அங்கி தரித்து வீற்றிருந்தான். புதிய சுபேதார் முசாபர் சங்கு பிள்ளைக்கு 3000 குதிரைக்குரிய மன்சுபுதார் பட்டம் அளித்தான், செங்கற்பட்டு சாகீரும் கொடுத்தான். மேளதாளத்தோடு பல்லக்கு, தங்கப்பூண் போட்ட கைத்தடி, கவர்னர் மாளிகைக்குள் செருப்போடு நடக்கும் உரிமை! சொந்த நாட்டிலே செருப்புப் போட்டு நடப்பதற்கு அன்னியன் உரிமை வழங்க வேண்டியிருந்தது. அதைப் பெற்றவர் பெருமையாகக் கொண்டார். அந்த உரிமை அவர் ஒருவருக்குத்தான். ஓடிவந்த சேவகன் வெறுங்காலோடே திரும்பினான்.

பிள்ளையைக் குறை சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. பகலெல்லாம் அந்த உடுப்பில் நடந்தவர், ஏட்டைத் திறந்தபோது எசமானர்களின் பேராசையையும் துப்ளே சீமாட்டியின் அட்டகாசத்தையும் மறைக்காமல் எழுதினார். தம்மை உயர்த்தியும் எழுதினார், பகைவர்களைத் தாழ்த்தியும் எழுதினார். அதுவும் ஏட்டிலேயே தெரிகிறது. தணிக்கை அதிகாரி பார்க்காத எழுத்து அது.

1754-ல் துப்ளே திருப்பியழைக்கப்பட்டான். நோயும் தளர்ச்சியும் வந்தன. 1756-ல் பதவி போயிற்று. 1761 சனவரியில், ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடிப்பதற்குச் சில நாட்கள் முன்பு, பிள்ளை கண்ணை மூடினார். ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

ஏடுகள் குடும்ப வீட்டிலேயே கிடந்தன. 1846-ல் அவற்றைக் கண்டெடுத்தவர் கல்லுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர். இடையிடையே சில காலத்துப் பகுதிகள் கிடைக்காமலே போயின. கிடைத்ததைச் சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் அச்சிட்டது. பிள்ளை எழுதிய தமிழிலே புதுச்சேரியில் தொகுதிகள் வரத் தொடங்கியது 1948-ல். ஆங்கிலம் படித்தவன் படித்து முடித்து 20 ஆண்டுகள் ஆன பிறகே தமிழன் கைக்கு அந்த ஏடு வந்தது.