கைத்தொழில் மேதை ஜி. டி. நாயுடு

மனிதர் செய்த பொருள் எதற்கும் தேய்வு உண்டு. ஆயினும் ஓர் உறுப்புப் பழுதுற்ற காரணத்தால் கருவி முழுவதையும் பயனற்றதென்று எறிந்துவிடுவது அறிவுடைமை ஆகாது. இவ்வுண்மையை ஏட்டின் துணையின்றியே அறிந்த இளைஞர் பலர் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் உளர்; நம் கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களிலும் உளர். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோர் கழித்தவற்றையும், பழைய இரும்புக் கடையில் கிடப்பவற்றையும் இவர்கள் சொற்ப விலைக்கு வாங்குகின்றனர். பழுது நீக்கி, மரப்பெட்டி செய்து, அதனுள் பொருத்திப் பாடச் செய்கின்றனர்.

இதில் அடங்கிய நுட்பம் எளியதன்று. ஒலிபெருக்கியின் உள்ளே ஒரு நிலைக்காந்தமும், அதன் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருளும், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பும் உள்ளன. மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசையும். கூம்பு காற்றை உந்தி ஒலியை எழுப்பும். கூம்பு கிழியலாம், சுருள் கருகலாம். காந்தமோ நெடுங்காலம் வலிமை குன்றாதிருக்கும். ஆதலின் கூம்பையும் சுருளையும் புதுப்பித்தால் பழைய கருவி மீண்டும் உயிர்பெறும். கூம்பின் முன்புறத்து ஒலியும் பின்புறத்து ஒலியும் ஒன்றையொன்று எதிர்த்துத் தாழ்ந்த சுருதிகளைக் கெடுத்துவிடுமாதலால், அவ்விரண்டையும் பிரித்து வைக்கப் பெட்டி இன்றியமையாதது. 1915ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாகாணத்து நாபா என்னும் ஊரில், டென்மார்க் தேசத்தவரான பீட்டர் ஜென்சன் என்பவரும் எட்வின் பிரிதம் என்பவரும் இவ்வகைக் கருவியை முதலில் உரத்துப் பேசச் செய்தபோது, போனோகிராப் பெட்டிக்கென்று செய்யப்பட்ட புனலையே எடுத்து அதன்மேற் பொருத்தினர். ஒன்றுக்கென்று அமைந்ததை வேறொன்றுக்கு ஆக்கிக்கொள்ளும் அறிவு ஒலிபெருக்கியோடு உடன்பிறந்தது எனலாம்.

இத்தகைய முயற்சியைச் சிறுவர் விளையாட்டென்று எள்ளுவாரும், பட்டமும் பத்திரமும் இல்லாதார் கைவேலை கல்வியாகுமோ என்று ஐயுறுவாரும் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்களுக்கு விடையாக ஒரு பெரியாரின் வாழ்க்கையைச் சுருங்க உரைக்க விரும்புகின்றோம். அவரே கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு என்று உலகறிந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு அவர்கள்.

இவர் 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தார். பள்ளிக்கூடம் இவருக்குச் சிறிதும் ஒத்துவரவில்லை. தொடக்க வகுப்புகளோடு பள்ளிப்படிப்பு நின்றது. ஆனால் பள்ளியை விட்டாரேயன்றிக் கல்வியை விட்டாரல்லர். கிடைத்த நூல்களைத் தாமே பயின்றும், கண்ட பொருளையெல்லாம் கூர்ந்து நோக்கியும் அறிவை வளர்த்துக்கொண்டார்.

அந்நாளில் வருவாய்த் துறையைச் சேர்ந்த ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வருவதுண்டு. மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டி இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனைத் தமதாக்கிக்கொள்ள வேண்டுமென்னும் ஒரே நோக்கத்துடன் கோயம்புத்தூர் சென்று, உணவு விடுதியொன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். பிள்ளையின் படிப்புத்தான் நின்றது, உழவையும் விட்டானே என்று உறவினர் வருந்தக்கூடிய நிலைதான் அது. அவரோ காசு காசாகச் சேர்த்து, ரூ. 300 கொடுத்து அந்த அதிகாரியிடமிருந்தே அவ்வண்டியை வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி வைத்து, எது எதனை இயக்குகின்றது என்று ஆராய்ந்து, மீண்டும் பூட்டினார். அவ்வண்டியே அவருக்குப் பாடநூல். அதைப் பிரித்ததும் பூட்டியதுமே அவர் எழுதிய பரீட்சை.

இடையில் பருத்தி வாணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய் வரை சென்று அதனை இழந்தும் திரும்பினார். இழப்பினால் மனம் ஒடியவில்லை. ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலத் தொழிலதிபரின் ஆதரவு கிடைக்கவே, 1920இல் ஒரு பேருந்தைப் பெற்றுப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொரு வண்டியிலிருந்து வளர்ந்ததே யு. எம். எஸ். என்னும் போக்குவரத்து நிறுவனம். 1933ஆம் ஆண்டளவில் அதன் வண்டிகள் 200க்கு மேற்பட்டிருந்தன. வண்டியின் உள்ளுறுப்புகளை அறிந்த ஒருவரே முதலாளியாகவும் அமைந்தது அந்நிறுவனத்தின் தனிச் சிறப்பு.

பொருள் பெருகிய பின்னும் அவர் கை ஓயவில்லை. மேனாடுகளுக்குச் சென்று தொழிற்சாலைகளைக் கண்டுவந்தார். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து, இந்நாட்டிலேயே முதன்முதலாக உருவானதென்று போற்றப்படும் மின்மோட்டாரைச் செய்தார். உலர்மின்கலத்தால் இயங்கும் மழிப்புக்கருவி, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, மோசடிக்கு இடங்கொடாத வாக்குப்பதிவுக் கருவி எனப் பலவற்றை அவர் அறிவு படைத்தது.

இவற்றுள் நம் பொருளுக்கு மிக நெருங்கியது வானொலிப் பெட்டியே. சென்னை வானொலி நிலையம் 1938இலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் தொடங்கப்பெற்றன. தமிழிசையும் தமிழுரையும் வானில் உலவின; ஆயினும் அவற்றைக் கேட்கும் பெட்டி அயல்நாட்டிலிருந்து வரவேண்டியதாய், செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. அந்நிலையில், ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை ரூ. 70 விலையில் இந்நாட்டிலேயே செய்துதர இயலும் என்று 1941இல் நாயுடு அவர்கள் அறிவித்தார். ஒலியைக் கேட்கும் இன்பம் ஏழைக்கும் உரியது என்பதே அதன் உட்பொருள் என்று நாம் கொள்கின்றோம்.

தாம் கற்ற முறையிலேயே பிறரும் கற்கவேண்டும் என்பது அவரது பேரவா. சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஆர்தர் ஹோப் என்பாரின் பெயரால் 1945இல் கோயம்புத்தூரில் தொழிற்கல்விக் கூடங்கள் எழுந்தபோது, அவற்றிற்குப் பொருளும் உழைப்பும் நல்கினார். பொறியியற் கல்விக்கு இத்தனை ஆண்டுகள் தேவையில்லை. பணிமனையிற் பயிற்றினால் குறைந்த காலமே போதும் என்பது அவர் கொள்கை. அரசினர் அதற்கு இணங்கவில்லை. அவரும் தம் கொள்கையை விடாது பொறுப்பினின்று விலகினார். அன்று தோன்றிய கல்லூரி இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாய் விளங்குகின்றது. அவர் எழுப்பிய வினாவோ இன்னும் முற்ற விடை பெறவில்லை.

அவர் வாழ்வில் நம் நெஞ்சை உறுத்தும் நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. நாடு விடுதலை பெற்ற பின்னர், தொழில் முயல்வோரை வரிச்சுமை நசுக்குகின்றதென்று கருதி, தாம் செய்த வானொலி முதலிய கருவிகளைப் பலர் காண உடைத்தெறிந்து தம் எதிர்ப்பைக் காட்டினார். பிரித்தவற்றைப் பூட்டியே பெருமையுற்ற கைகள், பூட்டியவற்றை உடைக்க நேர்ந்தது. அச்செயல் தக்கதோ தகாததோ என்பது பற்றிக் கருத்து வேறுபடலாம். ஆக்கும் திறனுடையாரை ஒரு நாடு ஆதரியாதாயின் இழப்பு யாருக்கென்பதில் வேறுபாடு இருக்க நியாயமில்லை.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் நாயுடு அவர்கள் இவ்வுலக வாழ்வை நீத்தார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அவர் பெயரால் நிலவும் தொழிற் கண்காட்சி, அவர் சேர்த்தவற்றையும் செய்தவற்றையும் காண்போருக்கு இன்றும் காட்டி நிற்கின்றது.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? கல்லூரியை விடுத்துப் பணிமனைக்கு ஓடுக என்பதன்று. ஒலிபெருக்கி அமைக்கும் இளைஞன், சுருளின் மின்தடை நான்கு ஓமோ எட்டு ஓமோ என்று கணக்கறியாது இணைத்தால், பெருக்கிக் கருவியே கருகிப்போகும். கைக்கு ஏடு வேண்டும். அங்ஙனமே, காந்தவியலை மனப்பாடஞ் செய்து நன்மதிப்பெண் பெற்றும், கிழிந்த கூம்பொன்றைக் கையால் தொட்டறியாத மாணவன் கற்றது பாதியே. ஏட்டுக்குக் கை வேண்டும். நாயுடு அவர்கள் பள்ளியின்றி இவ்விரண்டையும் தேடிக்கொண்டார். நமக்கோ பள்ளியும் உண்டு, ஆய்வுக்கூடமும் உண்டு, ஆசிரியரும் உளர்.

ஆகவே, மலையடிவாரத்து வீடொன்றில் பழைய ஒலிபெருக்கியை முன்வைத்துக்கொண்டு திருகாணி கழற்றும் தம்பியைக் காணும்போது, நேரம் வீணாகின்றதென்று அவனைக் கடியாதிருப்போமாக. அவன் அருகமர்ந்து அவனறியாத கணக்கை நாம் கற்பித்து, நாமறியாத கைத்திறனை அவனிடம் கற்போமாக. கோவை தந்த அம்மேதைக்கு மாணவராகிய நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடன் அதுவேயாம்.